குதிரை ரத்தம் சீக்கிரம் இறங்கும்

மழை பெய்கிறதா என்று அந்தம்மாவிடம் கேட்டால், "என் ஜன்னல்ல பெய்யுது" என்பார். ஊரே வெள்ளக்காடாக இருக்கும். கேட்டவன் தொப்பலாக நனைந்து எதிரில் நிற்பான். அப்போதும், "பேட்டையில பெய்யுதான்னு நான் பாக்கல" என்று ஒரு வால் சேர்ப்பார். பக்கத்து வீட்டில் குழந்தை பிறந்தால், "பையன்னு சொல்றாங்க. பாக்கல" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பார்க்காததைச் சொல்வதில்லை என்று கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்த மாதிரி நடந்துகொள்கிற ஒருவரோடு என்னத்தைப் பேசுவது?

கோலார் தங்க வயலில் ஜட்கா ஓடிய காலம் அது. பங்காருப்பேட்டை ரயில் மாரிகுப்பத்தில் வந்து நின்றால் வெளியே நாங்கள் வண்டிகளோடு வரிசையாக நிற்போம். என் குதிரைக்குச் சிவப்பி என்று பெயர். பெண் குதிரை. கோபத்தில் எனக்கு அக்கா. அந்தம்மா மாட்டாஸ்பத்திரியில் பூதக்கண்ணாடி பார்க்கிற வேலையில் இருந்தார். குதிரைகளுக்கு ரத்தத்தில் பூச்சி விழுந்து ஒரு காய்ச்சல் வரும். அந்தப் பூச்சி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லத்தான் அவருக்குச் சம்பளம். வேலூர்ப் பக்கத்துக்காரர், நாற்பதைத் தாண்டியவர், தனியாள். பெயரை எழுதப் போவதில்லை. ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் இல்லை. ஆண்களுக்கு அவர் அந்தம்மா. பெண்களுக்கு, முதுகுக்குப் பின்னால், ரத்தக்காட்டேரி.

பூச்சி பார்த்தது போக மிஞ்சுகிற ரத்தத்தை வேறு யாராக இருந்தாலும் கொட்டிவிடுவார்கள். அந்தம்மா கொட்ட மாட்டார். உறையாமல் இருக்க ஒரு மருந்தைக் கலந்து, நீளமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஜன்னலோரம் நிமிர்த்தி வைப்பார். "பொறு, இறங்கட்டும்" என்பார். குதிரை ரத்தம் சீக்கிரம் இறங்கும். நான் வெளியே போய் ஒரு டீயும் ரெண்டு பீடியும் குடித்துவிட்டு வருவதற்குள் சிவப்பெல்லாம் அடியில் போய்ப் படிந்துவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் நீர் தெளிந்து நிற்கும். இரண்டுக்கும் நடுவில் பாலாடை மாதிரி மெல்லிசாக ஒரு வெள்ளைப் படலம். அவருக்கு வேண்டியது அதுதான்.

"இன்னாம்மா அது, சளி மாதிரி கீது?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வெள்ளை அணு. உடம்புக்குள்ள எந்த அழுக்கு வந்தாலும், கிருமி வந்தாலும், இதுங்கதான் தின்னும்."

"மனுசனுக்கும் கீதா?"

"கீது. ஆனா மனுசன் ரத்தம் இப்படி இறங்காது. நல்லா இருக்கிறவன் ரத்தம் அப்படியே நிக்கும். அதுலேர்ந்து இத்த தனியா எடுக்க என்கிட்ட வழியில்ல. அதான் குதிரை. மனுசன் ரத்தம் குதிரை ரத்தம் மாதிரி மடமடன்னு இறங்கிச்சுன்னா, உள்ள இன்னாவோ பெருசா நடக்குதுன்னு அர்த்தம்."

"நீங்க பாத்திருக்கீங்களா?" என்று மடக்கினேன்.

"வேலூர்ல வேலை கத்துக்கும்போது பாத்தேன்" என்றார். இல்லாவிட்டால் சொல்லியிருப்பாரா என்ன!

அந்தப் படலத்தை மெல்லிய குழலால் உறிஞ்சி, உப்புத் தண்ணீரில் கழுவி, அதோடு விளக்குக் கரியைத் தூளாக்கிக் கலப்பார். வெள்ளை அணு கரியைத் தின்கிறதா என்று பார்ப்பார். தின்கிற குதிரைக்கு உள்ளே காவல் ஒழுங்காக இருக்கிறது என்று கணக்கு. ஆனால் தின்பதற்கு உடம்புச் சூடு வேண்டுமாம். எங்கள் ஊர் மார்கழிக் குளிரில் சூட்டுக்கு எங்கே போவது? கலந்த சின்னக் குழாயை ஒரு துணிப்பையில் போட்டு இடுப்பில் கட்டிக்கொண்டுவிடுவார். அப்படியே என் வண்டியில் ஏறிச் சந்தைக்குப் போவார். கத்திரிக்காய் பொறுக்கிக்கொண்டே இருப்பவர் திடீரென்று கூடையைப் போட்டுவிட்டு, "நேரமாச்சு, வண்டியத் திருப்பு" என்பார்.

"தின்னிருக்குமாம்மா?" என்று வம்புக்குக் கேட்பேன்.

"பாத்தாத் தெரியும்."

சிவப்பியின் உயிரில் ஒரு துளி அவர் இடுப்பில் வெதுவெதுப்பாக இருக்கிறது என்பது கடைக்காரனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். முன்னால் சிவப்பி இழுக்கிறாள், பின்னால் சிவப்பி உட்கார்ந்திருக்கிறாள். நடுவில் உட்கார்ந்து ஓட்டுகிறவனுக்கு முதுகு சிலிர்க்குமா, சிலிர்க்காதா?

ஒரு தடவை பூதக்கண்ணாடியில் என்னையும் பார்க்கவிட்டார். உருண்டை உருண்டையாகக் கிடந்தன. கரியை வாரித் தின்று வயிறெல்லாம் கறுத்திருந்தது. பிறகு ஒரு சொட்டு நீலச் சாயம் விட்டார். "செத்ததுதான் நீலம் குடிக்கும். உசிரோட இருக்கிறது உள்ள விடாது." சிவப்பியுடையது ஒன்றுகூட நீலமாகவில்லை. "நல்லாத் தின்னுது" என்றார். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு பாராட்டு! அன்றைக்கு அவளுக்குக் கொள்ளு ஒரு பிடி கூடவே வைத்தேன்.

இன்னொரு ஜட்காக்காரனுக்கு அந்தப் பாராட்டு கிடைக்கவில்லை. காய்ச்சல் கண்ட குதிரையைத் தள்ளாடத் தள்ளாட ஓட்டிவந்தான். அந்தம்மா ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, "பூச்சி இல்ல. ஆனா இது தின்னல" என்றார்.

"பொழைக்குமாம்மா?"

"தின்னல. அதான் பாத்தேன்."

"ஐயோ, பொழைக்குமா பொழைக்காதா, அத்த சொல்லுங்கம்மா!"

"தின்னல."

மறுநாளே அந்தக் குதிரை செத்தது. அவன் ஆஸ்பத்திரி வாசலில் நின்று மண்ணை வாரித் தூற்றினான். "வாய் வெச்சே கொன்னுட்டா பாவி" என்று கத்தினான். அதற்குப் பிறகு ஜட்காக்காரர்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. நான் மட்டும் போனேன். ஏன் என்று கேட்டால், எனக்கு அந்தம்மாவைப் பிடிக்கும். சொன்னால் சிரிப்பார்கள் என்று அப்போது யாரிடமும் சொன்னதில்லை. பசப்பாமல் பேசுகிற ஒருவர் ஊரில் இருக்கிறார் என்பதே ஒரு தெம்பு.

சிவப்பிக்கு இருமல் வந்தது. கஷாயம் கொடுத்தேன், புகை போட்டேன், ஒன்றும் கேட்கவில்லை. விலா தெரிய இளைத்தாள். சின்ன மேட்டுக்கே மூக்கு விடைக்க மூச்சு வாங்கினாள். அந்தம்மா என் லாயத்துக்கே வந்தார். குதிரையைத் தொடவில்லை. கூரையிலிருந்து தொங்கிய ஒட்டடையைத் தொட்டார். விரல் வெள்ளையானது. குனிந்து சிவப்பியின் காலடியில் இருந்த மண்ணை அள்ளினார்.

"இது எங்கத்து மண்ணு?"

"சயனைடு மேட்டு மண்ணும்மா. எல்லா லாயத்திலயும் இதான் போடுவோம்."

சுரங்கத்துப் பாறையை மாவாக அரைத்து, சயனைடு விட்டுத் தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சுகிற மண் எங்கள் ஊருக்குள்ளேயே மலை மலையாகக் குவிந்து கிடக்கும். காற்றடித்தால் ஊரே பவுடர் பூசிக்கொள்ளும். ஈரத்தைச் சட்டென்று இழுக்கிற மண். லாயத்தில் பரப்பினால் மூத்திர நாற்றம் இருக்காது, குளம்பு அழுகாது. வேறு ஊர்க்காரன் வைக்கோல் போடுவான். இந்தப் புத்தி எங்கள் ஊர்க்காரனுக்குத்தான் வரும்.

"அதுல விஷம்லாம் இல்லம்மா. மழைத் தண்ணியில கழுவிகினு போயிடுச்சு. பொம்பளைங்க இத்த வெச்சு ஏனம் பாத்திரமே வெளக்குறாங்களே" என்றேன்.

"விஷம் இல்லதான். வெறும் கல்லு" என்று சொல்லி, ஒரு பிடியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டார்.

மண்ணை வறுத்து, சலித்து, அதில் ஆக நைசானதைக் கரிக்குப் பதிலாகச் சிவப்பியின் வெள்ளை அணுக்களுக்குக் கொடுத்தார். கண்ணாடியில் குனிந்து, "தின்னுது" என்றார். எனக்கு ஒரே சந்தோஷம். நானும் பார்த்தேன். கரியைத் தின்றதைவிட ஆசையாகத் தின்றிருந்தன. "அப்ப சரியாப் போச்சு, இல்லம்மா?" என்றேன். அவர் குழாயைத் திரும்ப இடுப்பில் கட்டிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு துளி எடுத்து வைத்து நீலத்தை விட்டார். தின்றது எல்லாம் நீலமாகிவிட்டது. சில உடைந்து, உள்ளே போன மண் வெளியே வந்து கிடந்தது. அந்த மண்ணைப் பக்கத்திலிருந்த இன்னொன்று தின்றுகொண்டிருந்தது.

"கரி கொடுத்தா சாவல. மண்ணு கொடுத்தா சாவுது" என்றார் அந்தம்மா. "செத்ததுலேர்ந்து வர்ற மண்ண அடுத்தது தின்னுது. அதுவும் சாவுது. மண்ணு மட்டும் அப்படியே கீது." திரும்பத் திரும்பச் செய்து பார்த்தார். எனக்கு ஒரு தடவை பார்த்ததே போதும் என்றிருந்தது.

லாயத்து மண்ணை முழுக்க வழித்துக் கொட்டினேன். வைக்கோல் போட்டேன். அவள் உள்ளே இழுத்துக்கொண்டதை எதைப் போட்டு வழிப்பது? ஒரு நாள் காலையில் கொள்ளுத் தொட்டியில் தலையை வைத்தபடியே செத்துக் கிடந்தாள். அழுதேன். பெற்ற பிள்ளை போனமாதிரி அழுதேன். அந்தம்மா வந்து, "தெறந்து பாக்கட்டுமா?" என்று கேட்டார். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா? ஆனாலும் தலையாட்டினேன். நுரையீரலில் கத்தி இறங்கும்போது நறநற என்றது. சோற்றில் கல் கடிபடுமே, அந்தச் சத்தம். அவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"கேட்டியா?"

"கேட்டேம்மா."

என் தம்பி ஏழுமலைக்குச் சுரங்கத்தில் வேலை கிடைத்தது அந்தச் சமயம் பார்த்துத்தான். பூமிக்கடியில் பாறையைத் துளைக்கிற டிரில் மிஷின் வேலை. அப்பா அம்மா போன பிறகு நான் தூக்கி வளர்த்தவன் அவன். மாரிகுப்பத்தில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தோம். கம்பெனி வேலை என்றால் தையிலேயே கல்யாணம் என்றார்கள் பெண் வீட்டார். பழைய ஆட்களில் எத்தனையோ பேருக்கு நெஞ்சில் மண் அடைத்தது எங்களுக்குத் தெரியாததல்ல. ஆனால் ஊரில் எல்லாரும், "அதெல்லாம் அந்தக் காலம். இப்ப தண்ணி பீய்ச்சிகினேதான் தொளைக்கிறாங்க, தூசியே எழும்பாது" என்றார்கள். ஷிப்ட் முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் தின்றால் மண் வயிற்றுக்குப் போய்விடும் என்றார்கள். என் காதில் மட்டும் அந்த நறநற ஓயவில்லை. என் தம்பி செத்துப்போவான் என்று பயந்தேன். அவனை இழுத்துக்கொண்டு அந்தம்மாவிடம் போனேன்.

ஏழுமலை அவர் எதிரில் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். "அம்மா, போகாதேன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் போகல. பொண்ணு வூட்டுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன். வேற யார் சொன்னாலும் கேக்க மாட்டேன். நீங்க பாக்காதத சொல்ல மாட்டீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றான்.

அந்தம்மா அவன் கையில் ஊசி போட்டு ரத்தம் எடுத்தார். குழாயில் ஊற்றி ஜன்னலோரம் நிமிர்த்தினார். மூன்று பேரும் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நடுவில் பூமிக்குள் எங்கேயோ பாறை வெடித்தது. எங்கள் ஊரில் அது புதிதல்ல. வீடு ஒரு தரம் குலுங்கி அடங்கும், எல்லாரும் சுரங்கத்துப் பக்கம் ஒரு பார்வை பார்ப்பார்கள். கண்ணாடிகளெல்லாம் கிணுகிணுவென்றன. அந்தம்மா சட்டென்று குழாயைப் பிடித்துக்கொண்டார். ரொம்ப நேரமாகியும் அந்த ரத்தம் இறங்கவில்லை. உச்சியில் நகத்தளவு தெளிந்ததோடு சரி.

"பிரியல" என்றார். "பிரிஞ்சாத்தான் எடுத்துப் பாக்க முடியும்."

"பாக்காங்காட்டி இன்னாம்மா! சிவப்பிய நீங்கதான தெறந்தீங்க? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?" என்று கத்தினேன்.

அவர் வாய் திறந்தது. ஏதோ வரப்போகிறது என்று நினைத்தேன். உதடு நடுங்கியதை என் கண்ணால் பார்த்தேன்.

"குதிரையிலதான் பாத்தேன். மனுசன்ல பாக்கல. அவங்க தண்ணி விட்டுத் தொளைக்கிறாங்களாம். அந்தத் தூசியையும் நான் பாக்கல. பாக்காதத எப்படிச் சொல்றது?"

கல்லுளிமங்கி! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஏழுமலை சிரித்துவிட்டான். "வுடுண்ணா. குதிரைக்கு வந்தா மனுசனுக்கு வரணுமா? நான் இன்னா மண்ணுலயா படுத்துத் தூங்கப் போறேன்?" என்று என் தோளைத் தட்டினான். திங்கட்கிழமை வேலைக்குப் போய்விட்டான். தையில் கல்யாணம் நடந்தது.

அந்தம்மா கல்யாணத்துக்கு வந்து, மணவறையில் உட்கார்ந்திருந்தவனிடம் குனிந்து, "இருமல் இருக்கா?" என்று கேட்டார். பிறகு எங்கே பார்த்தாலும் அதே கேள்விதான். சந்தையில் பார்த்தால், "மேடு ஏறினா மூச்சு வாங்குதா?" ரயிலடியில் பார்த்தால், "சளி வருதா?" அவன் பெண்டாட்டி அந்தப் பக்கம் திரும்பி மூன்று முறை துப்புவாள். ஏழுமலை மட்டும், "இல்லம்மா, ஜோரா கீறேன்" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவான். நான் அவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன். வண்டியில் ஏறினால் ஓட்டுவேன், இறங்கினால் போய்விடுவேன். புதுக் குதிரையை அவர் பக்கம் காட்டவே இல்லை.

ஒரு நாள் ரயிலடியில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோது, ஏழுமலை நெஞ்சைத் தட்டினான், இருமிவிட்டான்.

அவன் பெரிய பையன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த வருஷம் அது. அதன் பிறகு மடமடவென்று இளைத்தான். பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள். டாக்டர்கள் சொன்னது எதுவும் அவன் காதில் ஏறவில்லை. "அந்தம்மாகிட்ட இட்டுகினு போண்ணா. அவங்க பாத்து சொல்லட்டும், நம்புறேன்" என்று பிடிவாதம் பிடித்தான். நடக்க முடியாதவனை வண்டியில் ஏற்றி உட்காரவைத்துக் கூட்டிப்போனேன்.

அந்தம்மாவுக்குத் தலை நரைத்திருந்தது. அவன் கையைத் தன் மடிமேல் வைத்துக்கொண்டு ரத்தம் எடுத்தார். அதே ஜன்னலோரம் குழாயை நிமிர்த்தி வைத்தார். "பொறு" என்று மட்டும் சொன்னார். இறங்கட்டும் என்று சொல்லவில்லை.

இறங்கியது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இறங்கியது. சிவப்பியின் ரத்தம் எப்படி இறங்குமோ அப்படி. சிவப்பு கீழே கீழே போக, மேலே வைக்கோல் நிறம் தெளிந்து வந்தது. நடுவில் பாலாடை மாதிரி வெள்ளை கட்டியது. மனுசன் ரத்தம் இப்படி இறங்கினால் உள்ளே ஏதோ பெரிதாக நடக்கிறது, வேலூரில் பார்த்தேன் என்று அவர் சொன்னது எனக்குத் தெரியும். ஏழுமலைக்குத் தெரியாது.

அவன் முகம் மலர்ந்துவிட்டது. "அன்னிக்குப் பிரியலன்னு சொன்னீங்களேம்மா! இன்னிக்கு பாருங்க, எப்படி ஜோராப் பிரியுது!" என்றான். அதைச் சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

அத்தனை வருஷமாக அவர் பார்க்கக் காத்திருந்தது அந்தக் குழாயில் இருந்தது. இப்போது எடுக்கலாம், மண்ணைக் கொடுத்துப் பார்க்கலாம். அவர் உறிஞ்சுகிற குழலைக் கையிலேயே எடுக்கவில்லை. குழாயைக்கூடப் பார்க்கவில்லை. ஏழுமலையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணுமில்லப்பா" என்றார். "சரியாயிடும். பையன் கல்யாணம் வரைக்கும் நல்லா இருப்ப."

அவன் குனிந்து அவர் காலைத் தொட்டான். நான் கேட்டபோது வராத அந்த ஒரு வார்த்தை இப்போது வருகிறது! அந்தம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. வாசல் வரைக்கும் வந்து, அவன் வண்டியில் ஏறும்வரை அவன் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தார்.

திரும்பி வரும்போது சயனைடு மேட்டிலிருந்து காற்றடித்தது. துண்டை எடுத்து அவன் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டினேன். அவன் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தான். சின்னப் பிள்ளை மாதிரி அவ்வளவு சந்தோஷம்.

"டாக்டருங்க ஆயிரம் சொல்லட்டும்ணா. அந்தம்மாவே சொல்லிட்டாங்க. அவங்க பாக்காதத சொல்ல மாட்டாங்க, இல்லண்ணா?"

"ஆமாண்டா" என்றேன்.